சர்க்கரை நோயில் கிட்னி கெடக் காரணம் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால், ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டுத் தடுக்கலாமா?

முடியாது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் வேதிப்பொருள்களின் தேக்கம், அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதைச் செல்லே, தனக்கு வரும் கட்டளைப்படி, உள்ளுக்குள் தயாரிக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரையும், சிறுநீரகத்தில் ஆஞ்சியோடென்சின் 2 என்ற, ரத்தக் குழாயைச் சுருக்கும் ஹார்மோனும் கூடும்போது, செல்லுக்குள் கட்டளை கடத்தும் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதி முடுக்கிவிடப்படுகிறது. அது, இந்த ஆக்சிஜன் வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் நாக்ஸ் நொதிகளைக் கூட்டுகிறது. சிறுநீரகத்தில் மிகுதியாக இருப்பது நாக்ஸ்4. ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிப்பதுதான் அதன் வேலை. பெராக்சைடு கூடினால், தழும்பு போடச் சொல்லும் சமிக்ஞைப் புரதமான டிஜிஎஃப்-பீட்டா கூடும். அது ஏற்பியில் ஒட்டியதும் ஸ்மாட்3 புரதத்தில் பாஸ்பேட் ஏறி, உட்கருவுக்குள் போய், தழும்பின் நார்ப்புரதமான கொலாஜனுக்குரிய ஜீன்களை இயக்கிவிடும். தழும்பு விழுவது இப்படித்தான். இதில் மோசம் என்னவென்றால், டிஜிஎஃப்-பீட்டா திரும்பவும் நாக்ஸ்4-ஐ ஏற்றிவிடுகிறது. இதற்கிடையே வடிகட்டியைத் தாங்கும் போடோசைட் செல்கள் உதிர்கின்றன. அவை பிரிந்து பெருகாதவை என்பதால் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்கும்.

கட்டளை ஓயாதவரை, வந்த பெராக்சைடை மட்டும் துடைத்துப் பயனில்லை. ஹோப் என்ற பெரிய மருந்து ஆய்வில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ நாலரை ஆண்டு கொடுத்தும் சிறுநீரகம் தேறவில்லை. செல்லின் சொந்தத் தற்காப்பான என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைத் தூண்டும் பார்டாக்சலோன் மருந்தின் சோதனை, இதயச் செயலிழப்பு கூடியதால் 2012-இல் நிறுத்தப்பட்டது. வைட்டமின் சி-யை அளவுமீறி விழுங்கினால் ஆக்சலேட்டாகிச் சிறுநீரகக் குழாய்களில் படியும். தயவுசெய்து வேண்டாம்.

கட்டளையை மேலேயே வெட்டும் மருந்துகள்தான் பலன் தருகின்றன. டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் போன்றவை ஆஞ்சியோடென்சின் வழியை அடைக்கும். தொடங்கி 2 முதல் 4 வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பொட்டாசியமும் பாருங்கள். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததே. வடிகட்டியின் உள்ளழுத்தம் இறங்குவதால் வருவது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மாத்திரைகள், வடிகட்டிய குளுக்கோஸைச் சிறுநீரகம் ரத்தத்துக்கே திருப்பி இழுக்கும் வேலையைக் குறைக்கின்றன. அந்த வேலைக்கு ஆகும் ஆக்சிஜன் மிச்சமாகிறது. வாந்தி, பேதி, பட்டினி நாட்களில் மட்டும் மருத்துவரிடம் கேட்டு இவற்றை நிறுத்திவைக்க வேண்டும்.

கிரியேட்டினினை மட்டும் நம்பாதீர்கள். பெருமளவு கெட்ட பிறகே அது ஏறும். ஆண்டுக்கொரு முறை சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாத நாளில் மறுபடி எடுங்கள். 3 மாதத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.