ஜார் ஆட்சியிலிருந்து கம்யூனிசத்துக்கு, பிறகு அதிலிருந்தும் வெளியே: ரஷ்யச் சமூகம் மாறியது எப்படி?

ஜார் என்ற மன்னரின் ஆட்சியில் இருந்த ரஷ்யா எப்படிக் கம்யூனிசத்துக்குப் போனது, பிறகு அதையும் விட்டு எப்படி வெளியே வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். லெனின், ஸ்டாலின், கோர்பசேவ் என்று தலைவர்களை வரிசையாகச் சொன்னால் பாதிதான் விளங்கும். புரட்சி நடந்தபோது அங்கே பெரும்பாலான ஜனம் கிராமத்தில்தான் இருந்தது. அவர்கள் கைக்கு நிலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று பார்த்தால் கதை பிடிபட்டுவிடும்.

1861-ல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். சுமார் 2.3 கோடி பேருக்கு விடுதலை. ஆனால் நிலம் சும்மா கிடைக்கவில்லை. நிலப்பிரபுக்களுக்கு அரசு பணம் கொடுத்துவிட்டு, அதைக் குடியானவர்களிடம் வட்டியோடு 49 வருடத் தவணையாக வசூலித்தது. தாத்தா வாங்கிய கடனைப் பேரன் கட்டினான். 1905-ல் பீட்டர்ஸ்பர்க்கில் மனு கொடுக்கப் போன தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. அந்த வருடம் கிராமங்களில் பண்ணை மாளிகைகள் எரிந்தன. அதன்பிறகுதான் மிச்சத் தவணையைத் தள்ளுபடி செய்தார்கள்.

1917 பிப்ரவரியில் ரொட்டிக்காக வரிசையில் நின்ற பெண்களும் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைச் சுட மறுத்த சிப்பாய்களும் சீருடை போட்ட குடியானவர்களே. ஜார் போனார். அடுத்து வந்த தற்காலிக அரசு, நடந்துகொண்டிருந்த முதல் உலகப் போரையும் நிறுத்தவில்லை, நிலப் பிரச்சினையையும் தள்ளிப்போட்டது. லெனின் தலைமையிலான கம்யூனிஸ்டுகளான போல்ஷிவிக்குகள், ஆட்சியைப் பிடித்த மறுநாளே நிலப்பிரபுக்களின் நிலத்தைக் குடியானவர்களுக்குக் கொடுக்கும் ஆணையை வெளியிட்டார்கள். அவர்கள் நிலைத்ததற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து. ஆனால் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் முதலிடம் பிடித்தது குடியானவர்களின் கட்சியான சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சி. போல்ஷிவிக்குகளுக்குக் கால்வாசி வாக்குதான். 1918 ஜனவரியில் அந்தச் சபை ஒரே ஒரு முறை கூடியது. மறுநாள் போல்ஷிவிக்குகள் கதவைப் பூட்டிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத இடம் அது.

எங்கள் வீட்டு அலமாரியில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் நிறைய இருந்தன. கூட்டுப்பண்ணை, அதாவது கிராமத்து நிலத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து நடத்தும் பண்ணை என்றால், டிராக்டர் மேல் உட்கார்ந்து சிரிக்கும் பெண்தான் சின்ன வயதில் என் நினைவுக்கு வருவாள். உண்மையில் நடந்தது வேறு. ஸ்டாலின் ஆட்சியில், 1929-க்குப் பிறகு, 1917-ல் கிடைத்த நிலத்தைக் கூட்டுப்பண்ணை எடுத்துக்கொண்டது. எதிர்த்தவனுக்கு 'குலாக்' (பணக்காரக் குடியானவன்) என்று பெயர் வைத்து சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். 1932 ஆகஸ்டில் வந்த சட்டப்படி, அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கினால்கூடப் பத்து வருடம் சிறை கிடைக்கலாம். அடுத்து வந்த பஞ்சத்தில் உக்ரைனிலும் கசாக்ஸ்தானிலும் வோல்காக் கரையிலும் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள்.

கூட்டுப்பண்ணையில் உழைத்த நாளுக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடு போடுவார்கள். அரசுக்குச் சேரவேண்டியது போக வருடக் கடைசியில் மிஞ்சுவதில்தான் பங்கு. பல இடங்களில் மிஞ்சியது கொஞ்சம் தானியம். வீட்டுக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டமும் ஒரு பசுவும் இருந்ததால்தான் பல குடும்பங்கள் பிழைத்தன. 1932 டிசம்பரில் உள்நாட்டுப் பாஸ்போர்ட் கொண்டுவந்தபோது, பெரும்பாலான கூட்டுப்பண்ணைக்காரர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத்துக்குக் குடிபோக முடியாது. கட்சிப் பெயரின் சுருக்கத்தை 'இரண்டாம் பண்ணையடிமை முறை' என்று கிராமத்தார் விரித்துச் சொன்னார்கள். எல்லாருக்கும் பாஸ்போர்ட் என்று முடிவானது 1974-ல்! ககாரின் விண்வெளிக்குப் போய் 13 வருடம் கழித்து.

பள்ளிக்கூடம், மருத்துவமனை, மின்சாரம் எல்லாம் வந்தது நிஜம். படித்த பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், சமூகமே நகரத்துச் சமூகமாக மாறியது. கோர்பசேவ் 1985-ல் வந்து பேச்சுச் சுதந்திரத்தைத் திறந்துவிட்டபோது, கேட்டவர்கள் இந்தப் பேரப்பிள்ளைகள்தான். கடைகளில் பொருள் இல்லை, 1991 டிசம்பரில் நாடே கலைந்தது.

1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். சேமிப்பெல்லாம் கரைந்தது. அரசு ஆலைகளில் பங்கு வாங்கத் தலைக்கு 10,000 ரூபிள் முகமதிப்புள்ள வவுச்சர் கொடுத்தார்கள், பலர் அதை அற்ப விலைக்கு விற்றுவிட்டார்கள். பெரிய ஆலைகள் சிலர் கைக்குப் போயின. மாதக்கணக்கில் சம்பளம் வராத அந்த வருடங்களில், நகரத்துக் குடும்பங்கள் வார இறுதியில் ரயிலேறித் ஊருக்கு வெளியே இருந்த தங்கள் தாச்சா (சிறு தோட்ட வீடு) தோட்டத்துக்குப் போயின. சோவியத் காலத்தில் ஒதுக்கிய வழக்கமான அளவு 600 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட். அங்கே உருளைக்கிழங்கு நட்டு, தோண்டி, மூட்டை கட்டிக் கொண்டுவந்து குளிர்காலத்தைக் கடத்தினார்கள்.