இன்னும் என்ன செய்தால் கனி வரும்?

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தை விட்டு வந்து இப்போது தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, புதன்கிழமை வீட்டு ஜெபம், இன்னும் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே இருக்கும் வயசானவர்களைப் போய்ப் பார்ப்பது, எல்லாம் என் தலையில்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுகிறேன். பிள்ளைகள் பயந்து ஒதுங்குகிறார்கள். ஜெபத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. கனியுள்ள வாழ்க்கை என்று போதகர் பிரசங்கிக்கும்போதெல்லாம் கூனிக் குறுகிப் போகிறேன். இன்னும் என்ன செய்தால் கனி வரும்? இல்லை, எல்லாப் பொறுப்பையும் விட்டுவிடட்டுமா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

லயத்து வீடுகளுக்குப் போகிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. அங்கே இருப்பவர்களின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். வாசலில் ஓர் ஆள் வந்து நின்று பேசுவதே அந்தப் பெரியவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம்!

கலாத்தியர் 5-இல் பவுல் ஆவியின் கனியாக 9 குணங்களைச் சொல்கிறார். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று போகும் அந்த வரிசையில் சபைப் பொறுப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் தெரிகிற குணங்கள். உங்கள் மனசு உறுத்துவது சரியான இடத்தில்தான். அதற்கு நீங்கள் தேடும் மருந்துதான் சரியில்லை. இன்னும் கொஞ்சம் வேலையை ஏற்றிக்கொண்டால் எரிச்சல் இன்னும் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

யோவான் 15-இல் 'என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது' என்று இயேசு சொன்னது அவர் பிடிபட்ட அதே இரவில். அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் 'உமக்காக என் ஜீவனையும் கொடுப்பேன்' என்று பேதுரு சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, மனசாரச் சொன்னார். விடிவதற்குள் மூன்று முறை மறுதலித்தார். கெத்செமனேயில் ஜெபிக்கச் சொன்னபோது அவரும் தூங்கினார். 'ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது' என்றுதான் ஆண்டவர் அப்போது சொன்னார். ஆகவே தூக்கத்துக்காக உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க ஓடிய உடம்பு அது.

உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் ஆண்டவர் அதே பேதுருவிடம் கேட்டது ஒரே கேள்வி: நீ என்னை நேசிக்கிறாயா? மூன்று முறை கேட்டார். 'என் ஆடுகளை மேய்ப்பாயாக' என்பது அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் வந்தது. பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்தது அதற்கும் பிற்பாடு. உங்கள் கடிதத்தில் ஆடுகளைப் பற்றி நிறைய இருக்கிறது. அந்தக் கேள்வி எங்கும் இல்லை.

தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ஒரு பூ ஆணா பெண்ணா என்பது குலை அறுப்பதற்கு ஏறக்குறைய 2 ஆண்டுகளுக்கு முன்பே மரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அந்தச் சமயம் வறட்சி அடித்தால் ஆண்பூ கூடும், பின்னால் குலை குறையும். குலை குறைந்த மாதத்தில் உரத்தைக் கொட்டினால் அந்த மாதமே காய்க்காது. உங்கள் பொறுமை இன்றைக்கு வற்றிக் கிடக்கிறது என்றால், ஆண்டவரோடு தனியாக உட்காருவது எப்போது நின்றது என்று யோசித்துப் பாருங்கள். பாடம் தயார் பண்ண வேதத்தைத் திறப்பதை இதில் சேர்க்காதீர்கள்.

சரி, பொறுப்புகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் விட வேண்டாம். பாடகர் குழுவை வேறு ஒருவரிடம் கொடுங்கள். அது நின்றுபோகாது. நின்றாலும் சபை நின்றுபோகாது. லயத்துக்குப் போவதை மட்டும் விடாதீர்கள். ராத்திரி ஜெபத்தைக் காலைக்கு மாற்றுங்கள். கைப்பேசியைத் தொடுவதற்கு முன் யோவான் 15-ஐ மெதுவாக வாசியுங்கள். 'இன்றைக்கு இவரிடம் பொறுமையாகப் பேச என்னால் ஆகாது, நீர்தான் தர வேண்டும்' என்று வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கேட்ட அன்றைக்கே மறுபடியும் எரிந்து விழுவீர்கள், அதுவும் நடக்கும். அப்போது அவரிடமும் பிள்ளைகளிடமும் போய் மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த நாள் காலையில் மறுபடியும் உட்காருங்கள்.