இறக்கத்தில் அமுங்கும் பெடல், தானாக இறங்கும் லோடு: கிரேன் பிரேக் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, நான் பன்னிரண்டு டன் ஹைட்ரா கிரேன் ஓட்டுகிறேன். ஆரியங்காவில் வேலையை முடித்துக்கொண்டு செங்கோட்டைக்குத் திரும்பும்போது, கோட்டைவாசலைத் தாண்டிப் புளியரை இறக்கத்தில் பெடல் தளர்ந்து தரை வரை போய்விடுகிறது. அரை மணி நேரம் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எடுத்தால் பழையபடி பிடிக்கிறது. பட்டறையில் இரண்டு முறை லைனிங் மாற்றியும் குறை தீரவில்லை. என்ன செய்வது?
– ஓர் ஆபரேட்டர், ஆரியங்காவு

பதில்: சூடு ஆறியதும் பெடல் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியே குறை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் சூடேறிப் பிடிமானம் இழந்திருந்தால், பெடல் கல் போல உறுதியாக நிற்கும். வண்டி மட்டும் நிற்காது. குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால், காலையில் வண்டியை எடுக்கும்போதே பெடல் பஞ்சு போல அமுங்கும். சூட்டில் மட்டும் அமுங்கி, ஆறியபின் சரியாகிறது என்றால், சக்கரத்தில் லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிறது என்றே கொள்ள வேண்டும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். நீங்கள் மிதிக்கும் விசை முழுவதும் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுவதால் லைனிங் டிரம்மைத் தொடுவதே இல்லை. ஆகவே இரண்டு முறை லைனிங் மாற்றிய செலவு வீண்தான்.

பிரேக் ஆயில் ஏன் கொதிக்கிறது? டாட் 3, டாட் 4 என்று தரம் குறிக்கப்பட்ட பிரேக் ஆயில் வகைகள் கிளைக்கால் சேர்மங்களால் ஆனவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அவற்றின் இயல்பு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு நீர் கலந்துவிட்டாலோ, அதே விதி 140 டிகிரியைத்தான் எதிர்பார்க்கிறது. டாட் 4 ஆயிலுக்கு இந்த அளவுகள் 230, 155. தென்மேற்குப் பருவமழையின் சாரல் மாதக்கணக்கில் விழும் உங்கள் பகுதியில், மூடி சரியாகப் பொருந்தாத ஆயில் டப்பா ஒன்றே போதும், ஈரம் உள்ளே போய்விடும். ஆயில் தெளிவாகத்தானே இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; கரைந்த நீர் கண்ணுக்குத் தெரியாது. பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றிவிட்டு, கையேடு குறிப்பிடும் வகையையே, அப்போது திறந்த டின்னிலிருந்து ஊற்றுங்கள். என் கருத்தில், மலைச்சாலையில் ஓடும் வண்டிக்குச் சாரல் ஓய்ந்ததும் ஆண்டுக்கொரு முறை இதைச் செய்துவிடுவது நல்லது. பாதி தீர்ந்த டின்னை அலமாரியில் வைத்திருந்து அடுத்த ஆண்டு ஊற்றும் சிக்கனம் நம் பட்டறைகளில் நெடுநாளாக உள்ள பழக்கம். அதை விட்டுவிட வேண்டும்.

ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. புளியரை இறக்கம் நீண்ட இறக்கமன்று. அதற்குள் ஆயில் கொதிக்கும் அளவுக்குச் சூடு எப்படி வந்தது? மிதிக்காதபோதும் ஏதோ ஒரு சக்கரத்தில் லைனிங் உரசிக்கொண்டே வருகிறது என்று நான் ஐயப்படுகிறேன். சமதரையில் பிரேக்கை மிதிக்காமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, தானாக நிற்கவிட்டு, ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே, தொடாமல், கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து அந்த வீலை ஜாக்கியில் தூக்கி, வீல் சிலிண்டரிலிருந்து ஆயிலை வெளியேற்ற உதவும் பிளீடர் நட்டைச் சற்றே தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சியடித்து, சக்கரம் உடனே இலகுவாகச் சுழன்றால், உள்ளே அழுத்தம் அடைபட்டு நின்றிருக்கிறது. ரப்பர் ஓஸின் உட்சுவர் வீங்கி ஆயில் திரும்பி வருவதைத் தடுக்கிறது என்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். எல்லாச் சக்கரங்களும் ஒன்றுபோல உரசினால், பெடலுக்குக் கொஞ்சமாவது வெற்றாட்டம் (பிஸ்டனைத் தள்ளத் தொடங்குமுன் உள்ள சிறு அசைவு) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காமல் ஆயில் திரும்பும் துளையை மூடிக்கொண்டிருக்கும். நட்டைத் தளர்த்தியும் சக்கரம் விடுபடவில்லை என்றால்தான் ஸ்பிரிங், லைனிங் சரிக்கட்டு ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும்.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். தூக்கிய பொருளோடு தளத்துக்குள் மெதுவாக நகர்வதற்கென்று செய்யப்பட்ட வண்டியை மலைப்பாதையில் ஓட்டிச் செல்வதைவிட, ட்ரெய்லரில் ஏற்றி அனுப்பும்படி உங்கள் முதலாளியிடம் கேட்பதே முறை. வாடகையைச் சொல்லி அவர் மறுத்தால், கோட்டைவாசலிலேயே தாழ்ந்த கியருக்கு மாறிவிட்டு, என்ஜினின் பிடிப்பில் இறங்குங்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்திருந்ததால் உதவியாளர் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றிவிட்டார். இரண்டு நாளில் பெடல் இறுகி, சக்கரம் விடுபட மறுக்கிறது. ஆயிலை மாற்றினால் போதுமா?
– ஒரு கிரேன் உரிமையாளர், களியக்காவிளை

பதில்: போதாது. டாட் வகை ஆயிலுக்காகச் செய்யப்பட்ட ரப்பர் கப்புகள், கனிம எண்ணெய் பட்டால் ஊறி வீங்கிவிடும். ஆயிலை மாற்றியதால் வீங்கியது சுருங்கி வந்துவிடாது. மாஸ்டர் சிலிண்டர் கிட், எல்லா வீல் சிலிண்டர் கப்புகள், ஓஸ்கள், டப்பா மூடியின் ரப்பர் ஆகிய அனைத்தையும் மாற்றி, இரும்புக் குழாய்களைப் புதிய பிரேக் ஆயிலாலேயே கழுவ வேண்டும். டீசலோ பெட்ரோலோ கொண்டு கழுவினால் புதிய ரப்பரும் கெடும்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். ஆயிலுக்குள் மூழ்கிய தட்டுகளைக் கொண்ட பிரேக் உள்ள பெரிய எந்திரங்கள் பலவற்றில் பிரேக்குக்கும் ஹைட்ராலிக் ஆயிலேதான். அங்கே டாட் ஆயிலை ஊற்றுவதுதான் கேடு. எந்த எந்திரத்துக்கு எது என்பதைக் கையேட்டைப் பார்த்து டப்பாவின் மேல் தமிழிலும் மலையாளத்திலும் பெயிண்டால் எழுதிவையுங்கள். டின்னில் இருப்பது எது என்று ஐயம் வந்தால், ஒரு தம்ளர் தண்ணீரில் சில துளிகள் விட்டுக் கலக்குங்கள்: கிளைக்கால் ஆயில் கரைந்துவிடும், கனிம எண்ணெய் மிதக்கும்.

கேள்வி: ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்புக்கு நிற்கும் எங்கள் கிரேனில், லீவரை நடுநிலையில் விட்டபின்னும் லோடு அங்குலம் அங்குலமாக இறங்குகிறது. பிரேக்குக்கு அழுத்தம் போதவில்லை என்று சொல்லி, அழுத்தத்தைக் கூட்டச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– ஒரு தள மேற்பார்வையாளர், நாகர்கோவில்

பதில்: செய்யக் கூடாது. சக்கர பிரேக் அழுத்தம் வந்தால் பிடிக்கும். லோடு தூக்கும் கம்பிவடத்தைச் சுற்றும் வின்ச்சின் பிரேக்கோ, அழுத்தம் வந்தால் விடும். வின்ச்சில் தட்டுகளை இறுக்கிப் பிடித்திருப்பது ஸ்பிரிங். ஆயில் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளித் தட்டுகளை விடுவிக்கிறது. ஓஸ் வெடித்தாலும் லோடு விழாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் பிரேக் வலுவடையும் என்பது சக்கர பிரேக்கில் பழகியவர்களுக்கு வரும் மயக்கம்.

முதலில் இறங்குவது எது என்று உறுதி செய்யுங்கள். சிறிய சோதனை எடையைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி, அருகில் எவரும் நில்லாதபடி பார்த்துக்கொண்டு, வின்ச் டிரம்மின் விளிம்பிலும் அதை ஒட்டிய சட்டத்திலும் சேர்ந்தாற்போல ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போடுங்கள். கோடு விலகாமலே லோடு இறங்கினால் பிரேக் குற்றமற்றது. கிரேனின் நீண்ட கையான பூமைத் தாங்கும் சிலிண்டரோ அதன் பூட்டு வால்வோ கசிகிறது. கோடு விலகினால் பிரேக் வழுக்குகிறது. மோட்டாரின் உட்கசிவு என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மோட்டார் எவ்வளவு கசிந்தாலும், பிரேக் சரியாகப் பிடித்திருந்தால் டிரம் சுழலாது.

அடுத்து லோடை இறக்கிவிட்டு, பிரேக்குக்குப் போகும் குழாயில் பிரஷர் கேஜ் மாட்டி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவர் நடுநிலையில் இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மிச்ச அழுத்தம் காட்டினால், அதுவே ஸ்பிரிங்கை அரைகுறையாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது; அடைபட்ட ரிட்டர்ன் ஃபில்டர், நசுங்கிய குழாய், முழுவதும் திரும்பாத வால்வு ஸ்பூல் என்ற வரிசையில் தேடுங்கள். முள் பூஜ்யத்தில் இருந்தும் வழுக்கினால், வின்ச்சைத் திறந்து தட்டுகளின் தடிமனையும் ஸ்பிரிங்குகளையும் அளக்க வேண்டியதுதான். திறப்பதற்கு முன் கியர் ஆயிலைக் கடைசியாக மாற்றியவரிடம் எந்த ஆயில் ஊற்றினார் என்று கேளுங்கள்; தட்டுகள் ஆயிலில் மூழ்கியிருக்கும் வகையானால், பொருந்தாத ஆயில் ஒன்றே அவற்றை வழுக்கச் செய்துவிடும். தட்டுகள் கருகியிருந்தால், புதியவற்றைப் போட்டதோடு நிறுத்தாமல், தூக்கும்போது பிரேக் முழுவதும் விடுபடுகிறதா என்று பாருங்கள். விடுவிக்கும் அழுத்தம் குறைந்து உரசியபடியே சுழன்றிருந்தால், புதிய தட்டுகளும் அதே கதிக்கு ஆளாகும். அதுவரை அந்தக் கிரேனில் லோடு தூக்க வேண்டாம்.

கேள்வி: ஹைட்ராலிக் ஓஸில் நுண்ணிய கசிவைக் கையால் தடவிக் கண்டுபிடிக்கலாமா?
– ஓர் ஐ.டி.ஐ. மாணவர், செங்கோட்டை

பதில்: கூடவே கூடாது. ஊசித்துளையிலிருந்து பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே தசை அழுகி, விரலையே எடுக்க நேரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். தோலுக்குள் ஆயில் போய்விட்டால், வலி இல்லாவிட்டாலும் அந்த மணி நேரத்திலேயே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று, அழுத்தத்தில் பாய்ந்த ஆயில் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.