மார்பில் நீர்க்கட்டி என்று ரிப்போர்ட் வந்தால் அப்படியே விட்டுவிடலாமா?

வயது 42, இடது மார்பில் உருண்டை தட்டுப்படுகிறது, காரைக்குடியில் ஸ்கேன் எடுத்ததில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வகை நீர்க்கட்டி என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

ரிப்போர்ட்டில் சிம்பிள் என்றிருந்தால் சுவர் மெல்லிசு, உள்ளே வெறும் நீர். பை-ராட்ஸ் எண் (சந்தேகம் எவ்வளவு என்று ஸ்கேன் டாக்டர் போடும் எண்) 2. வலி இல்லையென்றால் வைத்தியமே வேண்டாம். காம்ப்ளிகேட்டட் என்றால் நீர் கலங்கல். பெரும்பாலும் 3 போட்டு, 6 மாதத்தில் மறுபடி ஸ்கேன் சொல்வார்கள். காம்ப்ளெக்ஸ் என்பது வேறு சமாச்சாரம்: சுவர் தடித்திருக்கும், அல்லது உள்ளே திடமாக ஏதோ இருக்கும். எண் 4. அதற்கு கோர் பயாப்சி (தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வேண்டும், நீரை மட்டும் உறிஞ்சினால் போதாது.

அடுத்தது இடம். "இடது, 2 மணி, காம்பிலிருந்து 3 செ.மீ." என்கிற மாதிரி, மார்பைக் கடிகார முகமாக வைத்து எழுதியிருக்க வேண்டும். கையில் தட்டுப்படுவதும் ஸ்கேனில் தெரிவதும் ஒன்றுதானா என்று சர்ஜன் தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அளவும் இல்லாமல் இடமும் இல்லாமல் "நீர்க்கட்டி உள்ளது" என்று ஒற்றை வரி எழுதிக் காசு வாங்கும் சென்டர்களை என்ன சொல்வது! திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

40 தாண்டியதால் மேமோகிராமும் (மார்பு எக்ஸ்ரே) எடுத்துவிடுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மதுரை ராஜாஜியோ, மெஷின் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். மாதவிலக்கு தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் போனால் வலி குறைவு. அன்று அக்குளில் பவுடர், சென்ட் வேண்டாம். படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து குழப்பும். மார்பு ஸ்கேனுக்கு வெறும் வயிறும் வேண்டாம், தண்ணீர் குடித்து அடக்கவும் வேண்டாம்.

வலித்தால் ஊசியில் நீரை எடுப்பார்கள். வைக்கோல் நிறமோ பச்சையோ வந்தால் கவலையில்லை. ரத்தம் கலந்திருந்தால் லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எடுத்தபின் உருண்டை முழுசாக அமுங்க வேண்டும். மிச்சம் தட்டுப்பட்டால் பயாப்சி. 4 முதல் 6 வாரத்தில் மறுபடி காட்டுங்கள், திரும்ப நிறைவதுண்டு.

பயமுறுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், முக்கால்வாசி சாதாரணக் கட்டிதான். ஆனால் தோல் குழிந்தாலோ, காம்பு புதிதாக உள்ளிழுத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, அக்குளில் கட்டி வந்தாலோ, சிங்கப்பூரிலிருந்து அவர் வரட்டும், வீட்டுக் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். ரிப்போர்ட்டில் சிம்பிள் என்றே இருந்தாலும் அந்த வாரமே சர்ஜனிடம் காட்டுங்கள்.