நாற்று வாங்கும்போது வெயிலைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: நர்சரியில் பச்சைப்பசேலென்று இருந்த தக்காளி, கத்தரி நாற்றுகளை வாங்கி, மறுநாளே மாடியில் நல்ல வெயில் படும் இடத்தில் நட்டேன். மூன்றாம் நாள் இலைகளில் வெள்ளைத் திட்டுகள் விழுந்து காய ஆரம்பித்துவிட்டன. நோய் பிடித்த நாற்றை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. கருகிய இலையின் மேல் வேறொரு இலை கவிந்திருந்தால் அதைத் தூக்கிப் பாருங்கள். மூடியிருந்த பகுதி மட்டும் பச்சையாகவே இருந்தால் அது வெயில் கருக்கல்தான். நோய்த் திட்டு வெயில் படும் பக்கம் பார்த்து வருவதில்லை.

நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றின் இலை அகலமாக, மெல்லியதாக இருக்கும்; மேலிருக்கும் மெழுகுப் படலமும் மெலிந்திருக்கும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிப்பதற்கென்றே அமைந்த இலை அது. உச்சிவெயில் நேராக விழும்போது பச்சையம் சிதைகிறது. நட்ட அதிர்ச்சியில் இருக்கும் வேரால் இலை இழக்கும் நீரை ஈடுகட்டவும் முடிவதில்லை.

வெளுத்த இடம் இனிப் பச்சையாகாது. ஆனால் குருத்து நன்றாக இருந்தால் செடியைப் பிடுங்காதீர்கள். மதிய வெயில் படாமல் மறைப்புக் கட்டுங்கள். பாதி பச்சை மிச்சமிருக்கும் இலைகளைக் கிள்ளவும் வேண்டாம். செடிக்கு இப்போது உணவு அவற்றிலிருந்துதான். வெயிலுக்குப் பழகியபின் விரியும் புதிய இலைகள் தடிப்பாக வரும்.

விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிழலில் வளர்த்ததை அவர் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை நீங்களே கேளுங்கள்: "இது எத்தனை நாளாக வெளி வெயிலில் இருக்கிறது?" பதில் மழுப்பலாக வந்தால், நிழலில் இருந்தது என்றே வைத்துக்கொண்டு 7 முதல் 10 நாள் பழக்குங்கள். முதலில் காலை வெயில் ஓரிரு மணி நேரம், பிறகு தினமும் சிறிது கூடுதலாக.

கேள்வி: ஜன்னலோரம் விதைத்தவை நூல்போல் நீண்டு சாய்கின்றன. எல்.இ.டி. விளக்கு வாங்கலாமா? எத்தனை வாட் தேவை?

பதில்: முதலில் நாற்றுத் தட்டை வெளிச்சம் அதிகமுள்ள இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கு வழியில்லை என்றால் மட்டும் விளக்கு. வாட் என்பது விளக்கு செலவிடும் மின்சாரத்தின் அளவு. லூமென் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் கணக்கு. செடிக்குப் போய்ச் சேரும் ஒளியைக் காட்டுவது பி.பி.எஃப்.டி. என்ற எண். இதன் அலகு மைக்ரோமோல் (ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஒளி). நாற்றுக்கு 100 முதல் 300 மைக்ரோமோல் போதும். உச்சிவெயிலில் இது 2000 வரை போகும். எத்தனை உயரத்தில் தொங்கவிட்டு அளந்த எண் என்று பெட்டியில் இல்லையென்றால் அந்த விளக்கை வாங்காதீர்கள். தூரம் கூடினால் ஒளி சட்டென்று குறைந்துவிடும். தினம் 14 முதல் 16 மணி நேரம் எரிந்தால் போதும்.

ஏற்கெனவே நீண்ட தக்காளி நாற்றைத் தண்டு புதையும்படி ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதை நம்ப முடியாது.

கேள்வி: நிழல்வலை 50 சதவீதமா, 75 சதவீதமா?

பதில்: அந்த எண் வலை தடுக்கும் ஒளியின் அளவு. காய்கறி நாற்றுக்கு 50 போதும். 75 சதவீத வலைக்குள் நாற்று மெலிந்து நீளும். அங்கே மண்ணும் காயாமல் ஈரமாகவே கிடந்தால் நாற்றழுகல் வந்து அடித்தண்டு மடிந்துவிடும். எந்த வலையானாலும் நிரந்தரமாகக் கட்டாமல், கழற்றி மாட்டும்படி கொக்கி வைத்துக் கட்டுங்கள்.