பத்து மாதப் பிடிவாதக்காரி
குழந்தை வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. ஆறேழு மாதம் வரை யார் தூக்கினாலும் சிரித்துக்கொண்டு, கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது சாதம் ஊட்டப் போனால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறாள். வாங்கப் பார்த்தால் முதுகை வில்லாக வளைத்து அலறுகிறாள். டிவி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் மறைத்தால், தவழ்ந்துபோய்த் தலையணையைத் தள்ளி எடுத்துவிடுகிறாள். கண்டிக்க வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சில சமயம் பெருமையாகக்கூட இருக்கிறது. மாமியாரோ, "பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாது, இப்பவே அடக்கி வை" என்கிறார். நான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேனா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: கெடுக்கவில்லை. தனக்கு வேண்டியது எது என்று தெரிந்துகொண்டு, அதைக் கேட்கப் பேச்சு வராததால் கையாலும் குரலாலும் கேட்கிற ஒரு பெண்ணைத்தான் உங்கள் கடிதத்தில் நான் பார்க்கிறேன்.

ஆறேழு மாதம் வரை அவள் இப்படி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் ஒரு பொருளைத் துணிக்கு அடியில் மறைத்துவிட்டால், குழந்தையைப் பொறுத்தவரை பெரும்பாலும் அத்தோடு அந்த விவகாரம் முடிந்துவிடும். எட்டு, ஒன்பது மாதத்தை ஒட்டித்தான், கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கேயோ இருக்கிறது என்ற எண்ணம் உறுதிப்பட்டு, குழந்தை துணியை விலக்கித் தேடத் தொடங்குகிறது என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ழான் பியாஜே தம் சொந்தக் குழந்தைகளைக் கவனித்தே பதிவு செய்தார். ஆகவே, ஒளித்துவைத்துவிட்டு வேறு பக்கம் திருப்பிவிடுகிற பழைய உபாயம் இனி உங்கள் வீட்டில் அவ்வளவு சுலபமாகச் செல்லாது. மகளின் குணம் மாறிவிடவில்லை. அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. வீட்டிலுள்ளவர்கள் வீம்பு என்று பெயர் வைப்பதில் பாதி இதுதான். நீங்கள் குளிக்கப் போனால் குளியலறைக் கதவடியில் உட்கார்ந்து கத்துவதும் இதே பருவத்துக்கு உரியது. இதுவரை அது தொடங்கவில்லையென்றால், விரைவில் எதிர்பாருங்கள்.

மற்றப் பாதி, அவளுக்கே உரிய இயல்பு. மனநல மருத்துவத் தம்பதியரான அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வில், 133 பேரைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தனர். துறுதுறுப்பு, உணர்ச்சியை வெளிக்காட்டும் வேகம், புதியதற்குப் பழகும் விதம், எடுத்ததை விடாத தன்மை என்று ஒன்பது கூறுகளில் குழந்தைகள் ஆரம்பத்திலிருந்தே வேறுபடுவதை அவர்கள் கண்டார்கள். கிட்டத்தட்ட பத்தில் ஒரு குழந்தையைச் சமாளிக்கக் கடினமான குழந்தை என்று வகைப்படுத்தினார்கள். ஆனால் அவர்கள் முக்கியமாக வலியுறுத்தியது வேறு: பிற்காலத்தில் சிக்கல் வருமா வராதா என்பதைக் குழந்தையின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, அந்த இயல்பும் அது வளரும் வீட்டின் எதிர்பார்ப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. ஒரே குழந்தையின் ஒரே செயல் உங்களுக்குச் சிரிப்பையும் மாமியாருக்குக் கவலையையும் தருகிறதே, அந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும்.

மாமியாரிடம் சொல்ல ஒரு செய்தியும் உண்டு. 1984-இல் வெளியான, கென்யாவின் மாசாய் மக்களைப் பற்றிய ஓர் ஆய்வில், கடும் வறட்சியின்போது, அடங்கிக் கிடந்த சாதுவான குழந்தைகளைவிட அழுது அடம்பிடித்த குழந்தைகளே அதிகம் பிழைத்திருந்தது தெரியவந்தது. அழுத குழந்தைக்கு அடிக்கடி பால் கிடைத்திருக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். மிகச் சில குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அதிலிருந்து பெரிய முடிவு எதற்கும் நான் வரமாட்டேன். ஆனாலும் "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று சொல்லிப் பழகிய நமக்கு அதில் அதிசயம் இருக்காது. ஆண்பிள்ளை கரண்டியைப் பிடுங்கியிருந்தால் அதற்கு வீம்பு என்று பெயர் வைத்திருப்பார்களா என்ற கேள்வியை, மாமியார் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு மாலையில் உங்கள் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இனிக் கரண்டி. அவளிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றால் நீங்கள் ஊட்டுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சிறு பொருளைப் பொறுக்குகிற திறமை இந்த மாதங்களில்தான் கைகூடுகிறது; நன்றாக மசித்த பருப்புச் சாதத்தைச் சிறு உருண்டைகளாகவோ, இட்லியைப் பிய்த்தோ அவள் தட்டில் போட்டால், பாதி தரைக்கும் கொஞ்சம் தலைமுடிக்கும் போனாலும், மிச்சத்தை அவள் தன் கையாலேயே உண்பாள். நிலக்கடலை, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதால் கூடவே கூடாது. வாயை இறுக்க மூடி முகத்தைத் திருப்பினால், போதும் என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். உணவை மறுப்பதோடு அடிக்கடி வாந்தியும் எடுத்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, அதைப் பிடிவாதக் கணக்கில் சேர்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுப்பு, சுவிட்ச் பலகை, மருந்து டப்பா, படிக்கட்டு ஆகியவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவள் எவ்வளவு அலறினாலும் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவள் அழட்டும், நீங்கள் கோபப்பட வேண்டியதில்லை. உங்கள் சிரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செய்யக் கூடாத ஒன்றை நோக்கிக் கை நீட்டும்போது, பாதி வழியில் நிறுத்தி ஒரு நொடி உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். இந்த வயதில் குழந்தைகள் அப்படிப் பார்ப்பார்கள். செய்யலாமா கூடாதா என்பதை அம்மாவின் முகத்தில்தான் படிக்கிறார்கள். ரிமோட்டுக்கும் கரண்டிக்கும் தாராளமாகச் சிரியுங்கள். கடிப்பதற்கும் முடியை இழுப்பதற்கும் சிரித்தால் அது விளையாட்டாகிவிடும். அதற்கே நாளை நீங்கள் அதட்டினால் அவளுக்கு ஒன்றும் புரியாது.

கேள்வி: பதினான்கு மாதப் பேரன் என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறான். எத்தனை முறை "வேண்டாம்" என்றாலும் கேட்பதில்லை. கையில் லேசாக ஓர் அடி கொடுக்கவும் மகனும் மருமகளும் விடுவதில்லை. அடியாத மாடு படியாது என்பது பொய்யா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது, ஐயா. பேரன் விஷயத்தில் மகனும் மருமகளும் சொல்வதே சரி. "வேண்டாம்" என்பது அவனுக்குப் புரியத் தொடங்கியிருக்கும். ஆனால் நீளுகிற கையைத் தானே நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல வருவது. அடித்தால் வலிக்கும் என்பது தெரியுமே தவிர, அந்தக் கட்டுப்பாடு முன்கூட்டியே வந்துவிடாது. கையை மென்மையாகப் பிடித்து ஒரே ஒரு முறை "வேண்டாம்" என்று சொல்லி, வேறு எதையாவது அவன் கையில் கொடுங்கள். அவனைத் தூக்குமுன் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையில் போடாமல், கூட்டில் வைத்து அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பையில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவான்.