கருத்தரிப்புக்கு முந்தைய மூன்று மாதங்கள்: சீன மருத்துவமும் அலோபதியும் – கேள்வி பதில்

கேள்வி: இரண்டு மருத்துவத்தையும் சேர்த்துப் பார்க்க நினைக்கிறோம். முதலில் யாரிடம் போவது?

அலோபதி மருத்துவரிடம். சீன மருத்துவர் நாடியும் நாக்கும் பார்த்துக் கருக்குழாய் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. விந்தில் அணுவே இல்லை என்பதையும் அப்படிச் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் கஷாயமோ அக்குபங்சர் ஊசியோ சரிசெய்வதும் இல்லை. மூன்று மாதம் கஷாயம் குடித்து முடித்தபின் இது தெரியவந்தால், போன மாதங்கள் போனதுதான்.

பெண்ணுக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), ரத்த அழுத்தம், ருபெல்லா மற்றும் சின்னம்மை எதிர்ப்புச் சக்தி, இடுப்பு ஸ்கேன். ஆணுக்கு விந்துப் பரிசோதனை. அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி. ருபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசி போட வேண்டியிருந்தால் அதன்பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. அதனால் அதை முதலிலேயே முடித்துவிடுங்கள். மூலிகை தொடங்குவதாக இருந்தால் கல்லீரல் பரிசோதனையும் கிரியேட்டினினும் (சிறுநீரகப் பரிசோதனை) இப்போதே எடுத்து, நாலைந்து வாரம் கழித்து மறுபடி எடுங்கள். முதல் அளவு கையில் இல்லாவிட்டால் பின்னால் வரும் கோளாறு மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும், இன்றிலிருந்தே. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான சுமார் 28 நாளில் மூடிவிடுகிறது. பலருக்கு அப்போதுதான் நாள் தள்ளியிருப்பதே உறைக்கும். சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய கர்ப்பத்தில் நரம்புக்குழாய்க் குறை இருந்தால் 5 மில்லிகிராம் வரை தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்வார். இந்த மாத்திரைக்கு ஈடான சீன மூலிகை கிடையாது.

கேள்வி: ஏன் எல்லோரும் மூன்று மாதம் என்கிறார்கள்?

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. அது முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாட்கள். கருமுட்டையும் தன் கடைசிக்கட்ட வளர்ச்சிக்கு மூன்று மாதம் போல எடுத்துக்கொள்கிறது. இன்று சிகரெட்டை விட்டால் அதன் பலன் அடுத்த வாரப் பரிசோதனையில் தெரியாது. சீன மருத்துவர்களும் பெரும்பாலும் மூன்று சுழற்சிகளையே கணக்காக வைக்கிறார்கள்.

கேள்வி: சீன மருத்துவர் ஒரு மாதத்துக்கு நான்கு வகைக் கஷாயப் பாக்கெட் தந்திருக்கிறார். 14ஆம் நாளில் மூன்றாவது, 17ஆம் நாளில் நான்காவது என்று எழுதியிருக்கிறது. என் சுழற்சி 24 நாள். சரியாக வருமா?

வராது. இதில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

அந்த நான்கு பாக்கெட்டின் கணக்கு இப்படி: மாதவிடாய் நாட்களில் ரத்தம் தேங்காமல் வெளியேற்றுவது, அது நின்றபின் ‘ரத்தத்தையும் யின்னையும்’ (யின் என்பது சீன மருத்துவம் சொல்லும் குளிர்ச்சித் தன்மை) ஊட்டுவது (ஷு டி ஹுவாங், பை ஷாவ், டாங் குவெய் போன்றவை), கருமுட்டை வெளியாகும் நாட்களில் ஓட்டத்தைத் தூண்டுவது (ஹோங் ஹுவா, தாவ் ரென் போன்றவை), அதன்பின் ‘யாங்’கை, அதாவது வெப்பத் தன்மையை, சூடாக்கித் தாங்கிப்பிடிப்பது. முதலும் மூன்றும் ரத்தத்தை நகர்த்தும் சரக்குகள். சீன மருத்துவமே அவற்றைக் கர்ப்பத்தில் விலக்கச் சொல்கிறது.

28 நாள் சுழற்சியில் கருமுட்டை 14ஆம் நாளை ஒட்டி வெளியாகும். பின்பாதி பெரிதாக மாறாது, முன்பாதிதான் நீளும், குறுகும். எனவே 24 நாள் சுழற்சியில் 10ஆம் நாளை ஒட்டி வெளியாகிவிடும். கரு கர்ப்பப்பையில் ஒட்டத் தொடங்குவது அதிலிருந்து 6 முதல் 12 நாளில். உங்கள் அட்டவணைப்படி 14, 15, 16 நாட்களில் குடிக்கும் மூன்றாவது பாக்கெட், நேராக அந்தக் கட்டத்தின் வாசலில் போய் நிற்கிறது.

காலண்டரை விட்டு உடம்பைப் பாருங்கள். கருமுட்டை வெளியாவதை முன்கூட்டிச் சொல்லும் எல்.எச். ஸ்டிரிப்பில் (சிறுநீர்ச் சோதனைப் பட்டை) சோதனைக்கோடு ஒப்பீட்டுக்கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ தெரிந்தால், சுமார் 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகும். உங்கள் சுழற்சிக்கு 6ஆம் நாளிலிருந்தே சோதிக்க வேண்டும். கூடவே காலையில் படுக்கையை விட்டு எழுமுன் வாயில் வெப்பமானி வையுங்கள். முந்தைய நாட்களைவிட 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறி மூன்று நாள் நிலைத்தால், கருமுட்டை வெளியாகிவிட்டது. வெப்பநிலை முடிந்ததைத்தான் சொல்லும், வரப்போவதைச் சொல்லாது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பி.சி.ஓ.எஸ்.) உள்ளவர்களுக்கு எல்.எச். கோடு அடிக்கடி பொய் சொல்லும். அவர்களுக்கு ஸ்கேன்தான் நம்பகம். ஸ்டிரிப்பில் கோடு அழுத்தமான மறுநாளோடு மூன்றாவது பாக்கெட்டை நிறுத்தலாமா என்று சீன மருத்துவரிடம் கேட்டு, நாள் எண்ணுக்குப் பதிலாக அதை அட்டவணையில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: அக்குபங்சர் செய்தால் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) வெற்றி கூடும் என்கிறார்களே?

2002இல் ஜெர்மனியில் 160 பெண்களிடம் செய்த ஆய்வில் அப்படித் தெரிந்தது: ஊசி போட்டவர்களில் 42.5 சதவீதம் பேருக்குக் கர்ப்பம், போடாதவர்களில் 26.3. விளம்பரங்களில் இன்றும் ஓடுவது பெரும்பாலும் இந்த எண்தான். அதில் போலி ஊசி போட்டு ஒப்பிட்ட குழு இல்லை. 2018இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 848 பெண்களிடம் போலி ஊசியோடு ஒப்பிட்டபோது, குழந்தை பிறந்தது உண்மை ஊசியில் 18.3 சதவீதம், போலி ஊசியில் 17.8 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே பொருள். 2017இல் சீனாவிலேயே நீர்க்கட்டி உள்ள 1,000 பெண்களிடம் செய்த ஆய்விலும் குழந்தைப்பேற்றைக் கூட்டியது கருமுட்டை வெளியாகத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரைதான், அக்குபங்சர் கூட்டவில்லை.

மனப்பதற்றம், தூக்கம், மாதவிடாய் வலிக்காகப் போகிறீர்கள் என்றால் போகலாம். வாரம் ஒருமுறை, 20 முதல் 30 நிமிடம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி. வெற்றி விகிதத்துக்காகக் கடன் வாங்கிப் போக வேண்டாம். கருமுட்டை வெளியானபின் போகும் ஒவ்வொரு முறையும் ‘கர்ப்பமாக இருக்கலாம்’ என்று சொல்லிவிடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள ஹெகு, உள்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள சான்யின்ஜியாவ், அடிவயிற்றில் ஆழமாக இறக்கும் ஊசிகள் ஆகியவற்றை மரபாகவே தவிர்ப்பார்கள்.

ஐ.வி.எஃப்.க்கான ஹார்மோன் ஊசி தொடங்கிவிட்டால் மூலிகையை நிறுத்திவிடுவது நல்லது. முட்டைப்பை எப்படி வளர்கிறது என்று பார்த்துத்தான் அங்கே மருந்தளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். நடுவில் இன்னொரு மருந்து புகுந்தால் அந்தக் கணக்கு குழம்பும்.

கேள்வி: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். சீன மருத்துவர் கஷாயமும் காலையில்தான் குடிக்கச் சொல்கிறார்.

மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. சாப்பாடு 30 முதல் 60 நிமிடம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. கஷாயத்தை மாலைக்கு மாற்றிக் கேளுங்கள். குறிப்பில் குன் பு, ஹாய் ஸாவ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் கடற்பாசி, அயோடின் ஏராளம், அளவோ கட்டுக்குள் இல்லை. தைராய்டு உள்ளவருக்கு வேண்டாம். முடிக்காகப் பயோட்டின் (ஒரு வைட்டமின்) சாப்பிட்டால் ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும். கருத்தரிக்குமுன் டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே இருப்பது பொதுவான இலக்கு.

கேள்வி: ‘கர்ப்பப்பை குளிர்ந்திருக்கிறது’ என்கிறார் சீன மருத்துவர். அப்படியென்றால்?

வெப்பமானியில் தெரியும் குளிர்ச்சி அல்ல. கை கால் சில்லிடுவது, வெந்நீர்ப் பை வைத்தால் குறையும் மாதவிடாய் வலி, அதில் வரும் கறுத்த ரத்தக்கட்டிகள், வெளிறிய நாக்கு, இவை சேர்ந்தால் சீன மருத்துவம் தரும் பெயர் அது. ரத்தசோகையிலும் தைராய்டு குறைவிலும் கை கால் சில்லிடும். வலி மாதாமாதம் படுக்க வைத்தாலோ, உறவின்போதும் வலித்தாலோ எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) இருக்கலாம். பெண்கள் நல மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கணவருக்கும் மூலிகை வேண்டுமா?

‘ஐந்து விதை’ மாத்திரை என்று ஒன்று தருவார்கள்: கோஜி, கஸ்குட்டா, ஷிசாண்ட்ரா முதலிய ஐந்து. ஷிசாண்ட்ரா, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப்பின் தரும் டாக்ரோலிமஸின் ரத்த அளவை ஏற்றிவிடும். வேறு மருந்து சாப்பிடுபவர் கேட்காமல் தொடக் கூடாது. மூட்டுவலிக்குத் தரும் லெய் கோங் தெங் விந்தணுவை வெகுவாகக் குறைக்கும், பெண்ணின் மாதவிடாயையும் நிறுத்தும். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ‘ஆண்மை கூட்டும்’ என்று நினைக்கிறார்கள். அது விந்தணு உற்பத்தியையே அடைத்துவிடும். மடியில் லேப்டாப்பும் நீராவிக் குளியலும் வேண்டாம்.

கேள்வி: மூலிகைப் பெயர் தெரிந்தால் நாமே வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். சீனப் பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஹான் ஃபாங் ஜி என்பது ஸ்டெஃபானியா. குவாங் ஃபாங் ஜி என்பது அரிஸ்டோலோக்கியா. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மாத்திரையில் முதலாவதன் இடத்தில் இரண்டாவது போய்விட்டது. பல பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது, சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் தாவரவியல் பெயரும் கிராம் அளவும் எழுதித் தர மறுப்பவரிடம் மருந்து வாங்காதீர்கள். ஹே ஷோ வு கல்லீரலைக் கெடுக்கலாம். அதிமதுரம் நாட்பட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு டாங் குவெய் ஆகாது. ஜூ ஷா என்பது பாதரசம் கலந்த தாது.

கேள்வி: வயது 37. கருத்தரிப்பு நிபுணரிடம் போகுமுன் எவ்வளவு காலம் முயன்று பார்க்கலாம்?

ஆறு மாதம். 35க்குக் கீழே என்றால் ஒரு வருடம். 40ஐத் தாண்டியிருந்தாலோ சுழற்சி தாறுமாறாக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். கஷாயம் குடிக்கும் மாதங்களும் இந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: பரிசோதனை பாசிட்டிவ். இன்றைய கஷாயத்தைக் குடிக்கலாமா?

குடிக்காதீர்கள். காய்ச்சி வைத்ததையும் கொட்டிவிடுங்கள். ஃபோலிக் ஆசிட், தைராய்டு மாத்திரை, மருத்துவர் தந்த புரோஜெஸ்டிரோன் எதையும் நிறுத்த வேண்டாம். தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும், அதனால் இன்றே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், ரத்தக்கசிவு இருந்தால் போன் செய்துகொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கையோடு கஷாயக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.